ஓட்டை வாளி

ராமேஸ்வரம் பக்கம் வெளுக்கும் முன்பே
கத்தரியை எடுத்தால்தான்
வெயில் முற்றுவதற்குள் ஐந்நூறு குச்சி தேறும்.
ஒரு சாண் நீளம்,
கணுவுக்குக் கீழே சாய்வெட்டு,
அடியிலை உருவி
செம்மண் பையில் இரண்டு விரல் ஆழம்.
மல்லிகைக்கு அவ்வளவு போதும்.
எனக்குத் தெரியும், இருதயத்துக்குத் தெரியும்.
மூன்று வயது நிக்சனுக்கு
எது மேல், எது கீழ் என்பதே
இன்னும் முடிவாகவில்லை.
நேற்று அவன் உதவி செய்ததில்
முப்பது குச்சி தலைகீழாய் நின்றது.

"போய் விளையாடு" என்றால்
காலைச் சுற்றிக்கொண்டே நிற்கும் பிள்ளை.
"ஒரு வேலை இருக்கு" என்றால் ஓடும்.
மெர்லினாவிடம் ஓட்டை வாளியைக் கொடுத்தேன்.
தொட்டியில் மொண்டு
வேலியோரத் தென்னைக்கு ஊற்றிவிட்டு வா.
தென்னைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை.
எனக்குத் தூரம் வேண்டியிருந்தது.

தென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாளி காலி.
அழுவாள் என்றிருந்தேன்.
திரும்பிப் பார்த்தாள்:
நடந்து வந்ததெல்லாம் மணலில்
ஈரக் கோடாய்க் கிடந்தது.
அப்புறம் அவள் நேராக நடக்கவே இல்லை.
வளைந்தாள். ஒரு மீன் வந்தது, அதற்கு மீசை வந்தது.
தன் பேரெழுத ஒற்றைக்கொம்பு சுழித்தாள்,
'ம' போடுவதற்குள் தண்ணீர் தீர்ந்தது.
மறுபடி தொட்டிக்கு ஓட்டம்.

நிக்சனுக்குக் காற்றே போதும்.
ஆனி மாதக் கச்சான்.
கரையிலிருந்து ராவணன் மீசைப் பந்துகள்
முள்ளுக்காலில் உருண்டு உருண்டு
எங்கள் வேலிக்குள் புகும்.
"ஆடு வருது! ஆடு வருது!"
ஒன்பது ஆட்டைத் துரத்திப் பிடித்து
மீன்கூடைக்குள் அடைத்தான்.
ஒன்றும் தின்னமாட்டேன் என்கிறதாம்,
என்னிடம் வந்து கவலைப்பட்டான்.
அடப்பங்கொடி இலை ஒரு பிடி கொடுத்தேன்.
அரைமணி நேரம் கிடைத்தது.

அரைமணி என்றால் எண்பது குச்சி.
இப்போதெல்லாம் அப்படித்தான் நேரம் பார்க்கிறேன்.

பத்து மணிக்குத் தோட்டம் அமைதியானது.
பிள்ளை சத்தம் போட்டால் பரவாயில்லை,
போடாவிட்டால்தான் ஓட வேண்டும்.
கிணற்றுக்கு ஓடினேன்,
பலகை மூடியபடி இருந்தது.
தென்னைக்குப் பின்னால் இரண்டு முதுகுகள்.
"நாங்களும் நாத்து போடுறோம்."
கணவாய் ஓடு, ஒற்றைச் செருப்பு,
வலையில் கழன்ற மிதவை, என் ஸ்பூன்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, மேலே ஒரு மணல்மேடு.
எண்ணினேன், நாற்பதுக்கு மேல்.
நல்லது என்று குச்சிக்குத் திரும்பிவிட்டேன்.

"என் போனைப் பாத்தியா?"
இருதயம் வேலியில் தொங்கிய சட்டையை உதறினான்.
நிலக்கோட்டை வியாபாரி கூப்பிடும் நேரம்,
இரண்டாயிரம் நாற்றுக்கு விலை பேச.
நான் நிக்சனைப் பார்த்தேன்.
நிக்சன் வானத்தைப் பார்த்தான்.

மண் அடித்தது.

ஆமாம், மண்ணுக்குள்ளிருந்துதான்,
மாதாகோவில் மணி மாதிரி இருதயம் வைத்திருந்த அதே சத்தம்.
"முளைச்சிருச்சு!" என்று குதித்தான் நிக்சன்.
இருதயம் முழங்காலில் விழுந்து
மணலில் காதை வைத்தான்.
தோண்டினோம். செருப்பு. தோண்டினோம். மிதவை.
சத்தம் நின்றுபோனது.
"தண்ணி ஊத்துனா திரும்ப அடிக்கும்ப்பா,"
மெர்லினா வாளியோடு ஓடிவந்தாள்.
"ஊத்தாதே!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.
கவிழ்த்துவிட்டாள்.
நான்கு சொட்டு விழுந்தது.
அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி
ஈஸ்டரிலிருந்து நான் இருதயத்தை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் முறை அடித்தபோது கைக்கு வந்தது.
ஊதினான், துடைத்தான், காதில் வைத்தான்,
பல்லில் நறநறத்த மணலைத் துப்பிவிட்டு,
"நாத்தெல்லாம் நல்லா முளைச்சிருக்கு அண்ணாச்சி" என்றான்.
நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மற்றதைத் தோண்டக் கூடாதென்று உத்தரவு.
மத்தியானம் நிக்சன் தூங்க வரவில்லை.
தென்னை நிழலில் குந்தியிருந்தான்,
ஸ்பூன் புதைத்த மேட்டுக்கு முன்னால்,
அது எப்போது அடிக்கும் என்று.